ஒரு மட்டக்குதிரைக்குப் பெயர் வைத்த படலம்

அறுபத்தொன்றாவது வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, முகத்தில் சவர நுரையோடு கண்ணாடி முன் நின்றபடி, மரே ட்ரெம்பத் குதிரையாகிவிடுவது என்று தீர்மானித்தார்.

முழுக் குதிரை அல்ல, மட்டக்குதிரை. அதுவும் படத்தில் மட்டும். ஆனாலும் தீர்மானம் தீர்மானம்தான். அவருடைய ஊரான தெற்கு ஆஸ்திரேலியக் கடீனாவில் ஜனங்கள் கோதுமை விதைப்பார்கள், மழை வராததைப் பற்றிப் பேசுவார்கள், மறுபடியும் கோதுமை விதைப்பார்கள். மிருகமாக மாறுவது என்று அதுவரை யாரும் முடிவெடுத்ததாகத் தகவல் இல்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் அவருடைய இடது முட்டி. பள்ளிக்கூட பஸ் ஓட்டி, இருபத்தாறு வருஷம் கிளட்ச்சை மிதித்து மிதித்து, முட்டி ஒருநாள் ‘இனி நீயாச்சு, உன் பஸ்ஸாச்சு’ என்று கழன்றுகொண்டது. மூன்று வருஷத்துக்கு முன்பு அதற்கு ஆபரேஷன். ஆறு வாரம் சோபாவில் கிடந்தார். படுத்த முதல் நாளே டிவி ரிமோட் கீழே விழுந்தது. நாய் அதன்மேல் படுத்துக்கொண்டது. டிவியில் ஓடியதோ குழந்தைகள் சேனல். ஊதா, ரோஸ், மஞ்சள் என்று கலர் கலராக மட்டக்குதிரைகள் ஓர் ஊரில் கூடி வாழ்கின்றன. ஒன்றுக்கு ஒன்று உதவுகின்றன. நடுநடுவே பாடுகின்றன.

முதல் நாள் மரே நாயைத் திட்டினார். இரண்டாம் நாள் ‘நகரு’ என்று கெஞ்சினார். மூன்றாம் நாள், நாய் நகர்ந்துவிடக் கூடாதே என்று அதற்கு ஒரு துண்டு ஆட்டுக்கறி போட்டார்.

முட்டி குணமாயிற்று, மனிதர் குணமாகவில்லை. பேக்கரி வரிசையில் நின்றபோது அந்தப் பாட்டின் முதல் வரியைத் தன்னை அறியாமல் முணுமுணுத்தார். பின்னாலிருந்து இரண்டாம் வரி வந்தது. திரும்பினால் நோயல் கிட்டோ. கோதுமை லாரி டிரைவர். ஆறடி மூன்றங்குலம், நெஞ்சு வரை தாடி. இருவரும் சுற்றுமுற்றும் பார்த்தார்கள்.

“சனிக்கிழமை மூணு மணி,” என்றான் நோயல், உதடு அசையாமல். “பந்துருட்டுற கிளப்போட பின்ரூம். மொத்தம் பதினோரு பேர். வெளிய மூச்சு விடாத.”

அன்றிலிருந்து சனிக்கிழமை தோறும் மரே, “கிளென், பந்து உருட்டப் போறேன்” என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, வெள்ளைக் கான்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டு கிளம்புவார். மூன்று வருஷமாகப் புல்தரையில் ஆடியும் அந்த ஷூவில் ஒரு புல் கறைகூட ஒட்டியதில்லை. கிளெனிஸ் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்காத மனைவி எவ்வளவு ஆபத்தானவள் என்பது மரேக்குத் தெரியவில்லை. கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷம்தானே ஆகிறது.

அந்த மட்டக்குதிரை ரசிகர் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆளுக்கு ஒரு மட்டக்குதிரையைச் சொந்தமாகக் கற்பனை செய்து வரைந்துகொள்ள வேண்டும். அதன் நிறம், பிடரி, வால் எல்லாம் அவரவர் இஷ்டம். தொடையில் மட்டும் ஒரு சின்னம் இருக்க வேண்டும். இந்த உலகத்தில் அந்தக் குதிரைக்கு என்ன நன்றாக வரும் என்பதை அந்தச் சின்னம் சொல்லும். பெயர் சின்னத்துக்குப் பொருந்தி வர வேண்டும். தேர்ந்தெடுத்த பெயரை அடிலெய்டில் இருக்கும் பட்டியல்காரிக்கு மெயிலில் அனுப்ப வேண்டும். தெற்கு ஆஸ்திரேலியா முழுவதிலும் ஒரே பெயரில் இரண்டு குதிரைகள் இருக்கக் கூடாது. வைத்த பெயர் ஆயுசுக்கும்.

அதைவிட முக்கியமான விதி ஒன்று. ஜூன் மாதம் அடிலெய்டில் நடக்கும் வருடாந்திரக் கூட்டத்துக்கு மூன்றாம் முறையும் பெயரில்லாமல் வருகிறவனுக்கு, கூடியிருப்பவர்கள் ஆளாளுக்குக் கத்தி ஒரு பெயர் வைப்பார்கள். அப்பீலே கிடையாது. நோயலுக்கு அப்படி வந்த பெயர் ‘ஈரத் துண்டு’.

“ஆறடி மூணு இஞ்ச், மச்சான்,” என்பான் நோயல். “ஈரத் துண்டு! லாரிக்குள்ள உக்காந்து அழுதேன்.”

மரேக்கு இது மூன்றாவது ஜூன்.

பெயர்தானே, யார் வைத்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். மரேயின் இடத்தில் இருந்தால் கேட்க மாட்டீர்கள். அவர் தம் வாழ்க்கையில் எதற்குமே பெயர் வைத்ததில்லை. மகனுக்கு மாமியார் வைத்தாள். நாய்க்குக் கிளெனிஸ் ‘பிஸ்கட்’ என்று வைத்தாள். படகு வாங்கினார், பழைய சொந்தக்காரன் அதற்கு ‘டோரீன்’ என்று பெயர் எழுதிவிட்டிருந்தான், அதுவும் அழியாத பெயின்டில். அவருக்கும் ஊர்தான் பெயர் வைத்தது. பள்ளியில் ‘நனைஞ்ச கோழி’. பஸ் டிப்போவில் ‘ரெண்டாம் கியர்’. இந்த ஒரு பெயராவது, கற்பனைக் குதிரையின் பெயராவது, தானே வைத்ததாக இருக்க வேண்டும் என்பதுதான் அந்தச் செவ்வாய்க்கிழமைத் தீர்மானம்.

கெடு, அடுத்த மாத முதல் வெள்ளி, மாலை ஐந்து மணி.

குதிரை தயாராக இருந்தது. கறுப்பு நிறம், தீப்பிடித்த மாதிரிப் பிடரி, தொடையில் மின்னல். ஆவி படிந்த கண்ணாடியில் விரலால் எழுதிப் பார்த்தார்: புயல் குளம்பு. உடம்பு சிலிர்த்தது. கன்னத்தில் லேசாக வெட்டிக்கொண்டார். அன்று மாலையே மெயில் அனுப்பினார்.

மறுநாள் பதில் வந்தது. ‘அன்புள்ள பெயரற்ற மட்டக்குதிரைக்கு, புயல் குளம்பு ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது. யார் எடுத்தார் என்று சொல்வது வழக்கமில்லை. குளம்போடு குளம்பு சேர்த்து, தேன்குடுவை.’ தேன்குடுவை என்பது பட்டியல்காரியின் குதிரைப் பெயர். உண்மைப் பெயர் மரேக்குத் தெரியாது.

சரி, நல்ல பெயர், எவனோ முந்திக்கொண்டான். அடுத்த வாரம் ‘இரும்புப் பிடரி’ அனுப்பினார். எடுக்கப்பட்டுவிட்டது. ‘இடிச் சுத்தியல்’, எடுக்கப்பட்டுவிட்டது. ‘கறுப்புச் சூறாவளி’, அதுவும் போயிற்று. தெற்கு ஆஸ்திரேலியா முழுக்க இடியும் புயலுமாக அவ்வளவு குதிரைகள் ஓடுகின்றன என்றால், மழை மட்டும் ஏன் வரமாட்டேன் என்கிறது?

“என்ன மரே, முகம் ஒரு மாதிரி இருக்கு?” என்றாள் கிளெனிஸ், டோஸ்ட்டில் வெண்ணெய் தடவிக்கொண்டே.

“ஒண்ணுமில்ல. பந்துல தோத்துட்டேன்.”

“யார்கிட்ட?”

“ஒருத்தன்கிட்ட.”

“பேரு இல்லாத ஆளா?”

மரேக்கு டீ புரையேறியது. கிளெனிஸ் எழுந்து வந்து முதுகில் தட்டினாள். “மெதுவா குடி, ராசா. புயல் மாதிரியா குடிப்பாங்க?”

புயல்! அவருக்குச் சுருக்கென்றது. மறுநாள் காலை சவரம் முடித்துக் கீழே வந்தவர், மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டதாகப் பாசாங்கு செய்து மேலே போனார். கிளெனிஸ் குளித்துவிட்டு அப்போதுதான் வெளியே போயிருந்தாள். குளியலறை முழுக்க ஆவி. ஆவி படிந்த கண்ணாடியில், அவர் துடைத்துவிட்டதாக நினைத்த எழுத்துகள், ‘கறுப்புச் சூறாவளி’, ‘இடிச் சுத்தியல்’ எல்லாம், புதுசாக எழுதிய மாதிரி பளிச்சென்று எழுந்து நின்றன. ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று வாரத்துக் குதிரைகள்.

மரே கழிவறை மூடிமேல் உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் இரண்டாம் கியர் என்று பேரெடுத்தவர், மேட்டிலும் நிற்காமல் ஏறுகிறவர் அல்லவா? ஒரு திட்டம் போட்டார். அன்று கண்ணாடியைச் சோப்புப் போட்டுத் துடைத்தார். மறுநாள் காலை அதில் பெரிதாக ஒரு பொய்ப் பெயரை எழுதினார்: முட்டைக்கோஸ் ராஜா. உண்மையான பெயரை எங்கும் எழுதவில்லை. கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, டோரீன் படகுக்குள் படுத்தபடி, போர்வைக்கு அடியில் மெயில் அடித்தார்: ‘எரிமலை வால்’.

அன்று சாயங்காலச் சாப்பாட்டுக்கு ஆட்டுக்கறி. அதன் பக்கத்தில் மலை மாதிரி வேகவைத்த முட்டைக்கோஸ்.

“திடீர்னு முட்டைக்கோஸ்?” என்றார் மரே.

“என்னமோ காலைலேருந்து அதே ஞாபகம். ஏன், ராஜாவுக்குப் பிடிக்கலையா?”

“பிடிக்கும், பிடிக்கும்.”

உள்ளூரக் குதூகலம். மீன் தூண்டிலைக் கடித்துவிட்டது! அவள் போய் முட்டைக்கோஸ் ராஜாவை எடுத்துக்கொள்ளட்டும். எரிமலை வால் இனி என்னுடையது. இரண்டு தட்டு முட்டைக்கோஸ் சாப்பிட்டார்.

மறுநாள் பதில் வந்தது. ‘அன்புள்ள பெயரற்ற மட்டக்குதிரைக்கு, வருந்துகிறேன்...’

மரே அதை நாலு தடவை படித்தார். பிறகு உட்கார்ந்து நியாயமாக யோசித்தார். கண்ணாடியைக் கிளெனிஸ் படிக்கிறாள், சரி. ஆனால் எரிமலை வால் கண்ணாடியில் ஏறவே இல்லை. எனவே பெயர்களைத் திருடுவது கிளெனிஸ் அல்ல. பாவம், கட்டின மனைவியைச் சந்தேகப்பட்டுவிட்டோமே! மனசு உறுத்த, கடைவீதிக்குப் போய் ஒரு ஜெரேனியத் தொட்டி வாங்கிவந்து நீட்டினார்.

“எதுக்கு?” என்றாள் கிளெனிஸ்.

“சும்மா.”

“சும்மா பூ வாங்குற ஆளா நீ? என்ன உடைச்ச?”

“ஒண்ணும் உடைக்கல.”

“அப்ப என்னமோ நெனச்சிருக்க,” என்று சொல்லி, தொட்டியை ஜன்னலில் வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திருடன் கிளப்புக்குள்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார் மரே. நோயலுக்குப் போன் போட்டார்.

“டேய், உண்மையச் சொல்லு. என் பேரையெல்லாம் எடுத்து விடுறது நீதானே?”

“எனக்கு எதுக்குடா உன் பேரு? நான் ஏற்கெனவே ஈரத் துண்டு.”

“அந்தக் கடுப்புலதான் பண்றியோ என்னவோ!”

“மச்சான், பேசாம கிளெனிஸ்கிட்ட கேளு.”

“அவகிட்ட என்னன்னு கேக்குறது? அவளுக்குத்தான் ஒண்ணுமே தெரியாதே!”

நோயல் பக்கத்தில் லாரி எஞ்சின் உறுமியது. “சிக்னல் சரியில்ல மச்சான்,” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டான். கோதுமை வயலைத் தவிர ஒன்றுமில்லாத அந்தப் பக்கத்தில் சிக்னல் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும்.

கெடு வந்த வெள்ளிக்கிழமை. மணி நாலு. மரேயிடம் ஒரு பெயரும் மிச்சமில்லை. கண்ணை மூடினால் அடிலெய்டு மண்டபம் தெரிந்தது. குதிரைக்காது மாட்டிய நானூறு பேர் அவரைப் பார்த்து எதையோ கத்துகிறார்கள். என்ன கத்துகிறார்கள் என்பது மட்டும் கேட்கவில்லை. நல்லதாக இருக்காது என்பது மட்டும் தெரிந்தது.

அடுப்படிக்குப் போனார். கிளெனிஸ் மாவு வட்டங்களில் கறியும் உருளைக்கிழங்கும் வைத்து, ஓரத்தை முறுக்கி முறுக்கிப் பாஸ்டி செய்துகொண்டிருந்தாள்.

“கிளென், நான் பந்து உருட்டல.”

“தெரியும்.”

“மூணு வருஷமா ஒரு பந்துகூட உருட்டல.”

“தெரியும்ங்குறேன்ல.”

மரே நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். “நான் ஒரு குதிரை.”

“மட்டக்குதிரை,” என்று திருத்தினாள் கிளெனிஸ், பாஸ்டியிலிருந்து கண்ணெடுக்காமல்.

“எப்பலேருந்து தெரியும்?”

“முதல் வருஷமே. உன் மூக்குக்கண்ணாடிய மறந்துட்டுப் போயிட்ட. குடுக்கலாம்னு கிளப்புக்கு வந்தேன். பின்ரூம் கதவுல சின்னதா கண்ணாடி இருக்கே, அது வழியா பாத்தேன். தலையில காது மாட்டிக்கிட்டு உக்காந்திருந்த.”

“ஐயோ.”

“சிரிச்சுக்கிட்டிருந்த, மரே. உடம்பு குலுங்கக் குலுங்க. பஸ்ஸ விட்டதுலேருந்து உன்ன அப்படி நான் பாக்கல.” ஒரு பாஸ்டியை முறுக்கி முடித்து ஓரமாக வைத்தாள். “மூக்குக்கண்ணாடிய, வாசல்ல நீ கழட்டி வெச்சிருந்த ஷூவுக்குள்ளயே போட்டுட்டு வந்துட்டேன்.”

மரே மேஜையில் சிந்திக் கிடந்த மாவைக் கையால் ஒதுக்கினார். பிறகு எல்லாவற்றையும் கொட்டினார். கெடு, விதி, ஈரத் துண்டு, களவு போன புயல்கள் எல்லாம்.

“அஞ்சு மணிக்குள்ள பேரு அனுப்பலன்னா அவங்களே வெச்சுருவாங்க, கிளென். எனக்கு யாராரோ பேரு வெச்சாச்சு. இது ஒண்ணாவது...”

“படத்தக் காட்டு.”

காட்டினார். கறுப்புக் குதிரை, தீப்பிடரி, மின்னல்.

“நல்லா வரைஞ்சிருக்க. யாரு இது?”

“நான்தான்.”

“மின்னல் எதுக்கு? நீ மின்னல் மாதிரி என்ன பண்ணியிருக்க?”

“ஒண்ணும் பண்ணல.”

“அப்ப உனக்கு நல்லா வர்றது என்ன?”

“அதுவும் ஒண்ணுமில்ல. பஸ் ஓட்டுனேன். அதுலயும் வருஷா வருஷம் டிப்போலேருந்து லெட்டர் வரும். உங்க பஸ் தினம் நாலு நிமிஷம் லேட்டுன்னு.”

“ஏன் லேட்டு?”

“நான்கிவெல் வீட்டு ரெட்டைப் புள்ளைங்க இருக்குல்ல, அதுங்க வீடு ரோட்டுலேருந்து ஒரு கிலோமீட்டர் உள்ள. பஸ்ஸ நிறுத்தினா தூரத்துல புழுதி கெளம்பும். அதுங்க ஓடி வருதுன்னு அர்த்தம். ஒண்ணு கால்ல ஷூ இருக்கும், இன்னொண்ணு கையில ஷூ இருக்கும். புழுதியப் பாத்த பெறகு எப்படி வண்டிய எடுக்குறது?”

“அதுங்க பெரிசாகிப் போனதுக்கப்புறம்?”

“அப்புறம் ஹாக்கிங் வீட்டுப் பையன். அப்புறம் புதுசா ஒரு டீச்சரம்மா. எப்பவும் யாராவது ஒருத்தர் ஓடி வந்துக்கிட்டேதான் இருந்தாங்க.”

“உள்ள இருக்குற புள்ளைங்க சும்மாவா இருக்கும்?”

“எங்க? போங்க போங்கன்னு கத்தும். ‘இன்னும் ஒரு நிமிஷம், இன்னும் ஒரு நிமிஷம்’னு சொல்லிச் சொல்லியே என் தொண்டை...”

நிறுத்தினார். கிளெனிஸ் மும்முரமாக மாவு பிசைந்தாள். அதுவரை அந்த மாவைப் பிசைய வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

“கிளென்.”

“ம்.”

“இன்னும் ஒரு நிமிஷம்.”

“என்ன ஒரு நிமிஷம்? ஓவன் சூடாயிருச்சு.”

“பேரு! குதிரை பேரு! ‘இன்னும் ஒரு நிமிஷம்’!”

கிளெனிஸ் உதட்டைப் பிதுக்கினாள். “அது ஒரு பேரா? ‘கம்பளிக் குளம்பு’ன்னு வையேன். வெதுவெதுப்பா இருக்கும்.”

“வேணாம்.”

“‘ஜாம் ரொட்டி’?”

“கிளென், விளையாடாத. இதுதான் பேரு. சின்னம்கூட மாத்துறேன். மின்னல அழிச்சிட்டு, தொறந்து வெச்ச பஸ் கதவு.”

“யோசிச்சுக்கோ. ஆயுசுக்கும் இருக்கும். சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும்!” மரே மேஜையைத் தட்டினார். மாவு பறந்து அவர் மீசையில் ஒட்டியது. “என் குதிரை, என் பேரு. நான்தான் வைப்பேன். நீ என்ன சொன்னாலும் மாத்த மாட்டேன்!”

முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் அவளிடம் ஜெயித்த முதல் வாக்குவாதம் அது. கிளெனிஸ் இரு கைகளையும் தூக்கி, “சரிப்பா, உன் இஷ்டம். உன்கிட்டப் பேசி ஜெயிக்க முடியுமா?” என்றாள்.

நாலு ஐம்பத்திரண்டுக்கு மெயில் போயிற்று. நாலு ஐம்பத்துமூன்றுக்கே பதில் வந்தது. மரே கண்ணை மூடிக்கொண்டு, “நீ படி” என்றார்.

கிளெனிஸ் படித்தாள். “‘அன்புள்ள இன்னும் ஒரு நிமிஷத்துக்கு, உங்கள் பெயர் பட்டியலில் ஏறியது. எவ்வளவு நல்ல பெயர்!’”

மரே கண்ணைத் திறந்தார். அவள் கையிலிருந்த போனை வாங்கித் தானும் ஒருமுறை படித்தார். பிறகு மாவு மீசையோடு அவள் நெற்றியில் முத்தமிட்டார்.

“நானே வெச்ச முதல் பேரு, கிளென்.”

“நீயேதான், ராசா.”

“யாரு உதவியும் இல்லாம.”

“எனக்குத் தெரியாதா?”

முட்டி வலியை மறந்து, நாயிடம் விஷயத்தைச் சொல்லக் கொல்லைப்பக்கம் ஓடினார். அவர் வேலிவரை போய்விட்டதை ஜன்னலில் பார்த்து உறுதிசெய்துகொண்டு, கிளெனிஸ் அடிலெய்டுக்குப் போன் போட்டாள்.

“தேன்குடுவையா? கிளெனிஸ் பேசுறேன். ஆமா, வழிக்கு வந்துட்டாரு. அவரே சொன்னாரு, நான் வாயத் தொறக்கல. இனிமே ‘எடுத்தாச்சு’ன்னு எழுத வேணாம். அந்தப் புயல், எரிமலை எல்லாத்தையும் நெசமாவே யாராவது கேட்டா குடுத்துரு. ரொம்பத் தொல்லை குடுத்துட்டேன்... இல்லம்மா, புயலோட எல்லாம் எப்படிக் குடும்பம் நடத்துறது? நான் கட்டிக்கிட்டது இவரத்தானே.”

போனை வைத்துவிட்டு, நாற்காலியில் கிடந்த தன் கைப்பையை எடுத்து, மரே கை வைக்காத மேல் அலமாரியில் வைத்தாள். ‘இன்னும் ஒரு நிமிஷம்’ என்று பெயர் பொறித்து, சட்டையில் குத்திக்கொள்ளும் அட்டை, அவள் சொல்லி நோயல் செய்துகொண்டுவந்து கொடுத்த நாளிலிருந்து பத்து நாளாக அதற்குள்தான் இருந்தது.